வக்கீல் போர்டில் என்ன இருக்க வேண்டும்?

வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது நம் நாட்டு விதி. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 36-ஆவது விதி அது. சுற்றறிக்கை அனுப்பக் கூடாது. ஆள் வைத்துக் கேஸ் பிடிக்கக் கூடாது. தான் நடத்தும் வழக்கை ஒட்டிப் பத்திரிகையில் தன் படம் வரும்படி செய்யக் கூடாது. வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். அதில் சங்கப் பதவியைப் போடக் கூடாது, முன்னாள் நீதிபதி என்று போடக் கூடாது, இன்ன வகை வழக்கில் நிபுணர் என்றும் போடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரம் வரை ஒரு நடை போய் வாருங்கள். ஆடிக் கிருத்திகைக்கு பக்தர்களை வரவேற்கும் பேனரில், கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாகக் கைகூப்பி நிற்பவரைப் பார்க்கலாம். பெயருக்குக் கீழே சங்கப் பதவி, அதற்குக் கீழே கட்சிப் பதவி, அதற்கும் கீழே இரண்டு செல் நம்பர். விதி எதையெல்லாம் வேண்டாம் என்கிறதோ அத்தனையும் அங்கே இருக்கும். அந்த மனிதரை நம்பி நிலப் பத்திரத்தைக் கையில் கொடுக்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது மட்டும் இருக்காது. அவர் எங்கே சட்டம் படித்தார், எந்த வருஷம் பதிவு செய்தார், எந்த மாநில பார் கவுன்சிலில், என்ன எண் என்பதைத்தான் சொல்கிறேன்.

வக்கீல் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதைத் தடுப்பது சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தகுதியைச் சொல்வது புகழ்ச்சி ஆகாது. அதை 'சொல்லலாம்' என்று விட்டிருக்கிறார்கள். 'சொல்லியே ஆக வேண்டும்' என்று ஆக்க வேண்டும் என்பது என் கட்சி.

சொல்லலாம் என்றாவது எப்போது வந்தது? 2008-இல். 36-ஆவது விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தபோது பார் கவுன்சில் ஒரு தளர்வு கொடுத்தது. வக்கீல் தன் வெப்சைட்டில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், பதிவான தேதி, எந்த மாநில பார் கவுன்சில், படித்த படிப்பு, எந்த வகை வழக்குகளை எடுக்கிறார் என்ற விவரங்களைப் போட்டுக்கொள்ளலாம். போட்டவை உண்மை என்று உறுதிமொழியும் தர வேண்டும். நல்ல பட்டியல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருத்தணி கோர்ட்டுக்கு வருகிற கட்சிக்காரர்களில் எத்தனை பேர் வெப்சைட்டைப் பார்த்து வக்கீலைத் தேடுகிறார்கள்? மச்சான் சொன்னார், டீக்கடையில் சொன்னார்கள், பத்திர எழுத்தர் கைகாட்டினார் என்றுதானே போகிறோம். நாம் கண்ணால் பார்ப்பது வாசல் போர்டு ஒன்றுதான். அதில் எண் போட வேண்டும் என்று 36-ஆவது விதியில் ஒரு வரி இல்லை.

டாக்டருக்கு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளின்படி, ஒவ்வொரு டாக்டரும் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டு, சர்டிபிகேட், பணம் வாங்கிய ரசீது என எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களை மட்டுமே போட வேண்டும். உங்கள் சர்க்கரை வியாதி டாக்டரின் சீட்டை எடுத்துப் பாருங்கள், எண் இருக்கும். டாக்டருக்கும் விளம்பரம் செய்யத் தடைதான். ஆனால் அங்கே தடையும் கடமையும் சேர்ந்து வருகின்றன. வக்கீல் தொழிலில் தடை மட்டும் வந்து நின்றுவிட்டது.

ஆபீஸில் முப்பத்துச் சொச்சம் வருஷம் ஃபைல் கட்டினவன் நான். எண் இல்லாத தபாலைக் கையிலேயே வாங்க மாட்டோம். அதனால் இந்த விஷயம் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறுத்தலோடு போகிற சங்கதியாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். கணவர் இல்லை. மகன் வெளியூரில் வேலை. பங்காளிகளோடு பாகப்பிரிவினை வழக்கு, முன்சீப் கோர்ட்டில் தோற்றுப்போனது. அப்பீலுக்கு என்று யாரோ ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். போர்டில் 'சட்ட ஆலோசகர்' என்று பெரிதாக இருந்தது. மேஜைமேல் சிவப்பு அட்டை போட்ட சட்டப் புத்தகங்கள், சுவரில் யாரோடோ எடுத்துக்கொண்ட போட்டோ. வேறென்ன வேண்டும்? பணம் கட்டினார். தீர்ப்பு நகலைக் கொடுத்தார். எழுதாத காகிதத்தில் இரண்டு மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் போகும்போதெல்லாம் 'நம்பர் ஆயிடுச்சும்மா, வாய்தா போட்டிருக்காங்க' என்ற பதில்தான். எட்டு மாதம் கழித்து மகன் வந்து கோர்ட்டில் விசாரித்தால் அப்படி ஒரு அப்பீலே இல்லை.

முன்சீப் கோர்ட் தீர்ப்பின்மேல் அப்பீல் போட 30 நாள்தான் கெடு. நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். அதற்கு ஒரு நிஜ வக்கீல், அவருக்கு ஃபீஸ், எதிர்த் தரப்பின் ஆட்சேபம் என்று தனிக் கதை. முதலில் போன அந்த 'ஆலோசகர்' எந்தப் பார் கவுன்சிலிலும் பதிவு செய்தவர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. போர்டில் அவர் பொய் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கறிஞர் என்று அவர் எங்கும் போடவில்லையே!

சட்ட ஆலோசனை சொல்வதும் வக்கீல் தொழிலைச் சேர்ந்ததுதான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய, வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகள் பற்றிய வழக்கு அது. ஆனால் பதிவு இல்லாமல் தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று சொல்லும் 45-ஆவது பிரிவு, கோர்ட்டிலோ வேறு அதிகாரி முன்போ தொழில் செய்பவரைப் பற்றித்தான் பேசுகிறது. திண்ணையில் உட்கார்ந்து பணம் வாங்குகிறவருக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

அந்த அம்மாவின் மகன் என்னிடம் கேட்டார்: 'கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா சார்?' போலியைப் பொறுத்தவரை அது போலீஸ் விஷயம். ஆனால் பதிவு பெற்ற நிஜ வக்கீல் ஒருவர் தன் தகுதியை மிகைப்படுத்திச் சொல்லிக் கேஸைக் கெடுத்திருந்தால்? அங்கேயும் கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது. 2024 மே 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வக்கீல்களின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொன்னது. 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 'வரும்' என்று சொன்னதை அது மாற்றியது. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கலாம். வழக்கில் தோற்ற ஒவ்வொருவரும் வக்கீல்மேல் வழக்குப் போட்டால் நாடு தாங்காது. ஆனால் பின்னால் வந்து முறையிடும் ஒரு கதவைச் சாத்தினால், முன்னாலேயே தெரிந்துகொள்ளும் ஜன்னலையாவது திறந்து வைக்க வேண்டாமா?

நம் ஊருக்கு இது இன்னும் ஒரு மடங்கு முக்கியம். 1960 ஏப்ரல் 1 வரை நாம் ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். ம.பொ.சி. போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, எல்லைக்கோடு மாறியது. கோடு மாறியதே தவிர நிலமும் சொந்தமும் மாறவில்லை. இந்தப் பக்கம் வீடு, நகரிப் பக்கம் மாந்தோப்பு என்று இருக்கிற குடும்பங்கள் எத்தனை! பிள்ளைகள் திருப்பதியில் சட்டம் படித்துவிட்டு வருகிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-லிருந்து இருக்கிறது. அங்கே வாங்கிய எல்.எல்.பி.யும், நம் பக்கத்துப் பழைய பி.எல்.லும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். 2011 ஜூன் முதல் இந்தியாவில் எங்கே பதிவு செய்த வக்கீலும் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகலாம் என்ற உரிமையும் வந்துவிட்டது. சித்தூர் வக்கீல் இங்கே வரலாம், நம்மவர் அங்கே போகலாம்.

ஆனால் ஒரு வக்கீல்மேல் புகார் சொல்ல வேண்டும் என்றால், அவர் பெயர் எந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பார் கவுன்சிலிடம்தான் போக வேண்டும். சட்டத்தின் 35-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நம் ஊரில் உட்கார்ந்து தொழில் செய்தாலும் அவர் பதிவு ஆந்திராவில் இருந்தால், புகார் அங்கே போக வேண்டும். போர்டில் மாநிலமும் எண்ணும் இல்லாவிட்டால் எங்கே எழுதுவது என்றுகூடத் தெரியாமல் நிற்போம். வேலூரிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இந்தச் சிக்கல் எப்போதாவது வரும். எல்லையில் இருக்கும் நமக்கு வருஷம் முழுக்க வரும்.

படிப்பு விஷயத்திலும் சும்மா பயப்படவில்லை. கல்லூரிக்கே போகாமல் வெளிமாநிலத்தில் சட்டப் பட்டம் வாங்குவது பற்றியும், 'லெட்டர்பேட்' கல்லூரிகள் பற்றியும் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். கிருபாகரன் பலமுறை கடுமையாகச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். டெல்லியில் சட்ட அமைச்சராகவே இருந்த ஜிதேந்தர் சிங் தோமர், போலிப் பட்டம் என்ற புகாரில் 2015 ஜூனில் கைதானார். அவர் கல்வித் தகுதி பற்றித் தவறான தகவல் கொடுத்தார் என்று சொல்லி அவரது தேர்தல் வெற்றியை 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்ட மந்திரிக்கே இந்த நிலை என்றால் பேனர்காரரை எப்படி நம்புவது? 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, நாடு முழுதும் வக்கீல்களின் பட்டங்களைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவைப் போட்டது.

கேரளத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2021-இல் ஆலப்புழாவில் ஒரு பெண்மேல் புகார் வந்தது. சட்டப் பட்டமே இல்லாமல், வேறொரு வக்கீலின் பதிவு எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் ஆஜரானார் என்று. அங்கே வக்கீல் சங்கத் தேர்தலில் நின்று பொறுப்புக்கும் வந்திருந்தார்! வெளியே வந்தது எப்படி? யாரோ அந்த எண்ணைச் சரிபார்த்தார்கள். எண் வேறொருவருடையது. அவ்வளவுதான், கதை முடிந்தது. 'போர்டில் எண் போட்டால் போலியும் ஒரு எண்ணைப் போட்டுவிடுவான்' என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். போடட்டும் என்கிறேன். கறுப்புக் கோட்டைச் சரிபார்க்க முடியாது. 'அட்வகேட்' என்று வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரையும் சரிபார்க்க முடியாது. எண்ணைச் சரிபார்க்கலாம்.

இனி விளம்பரத் தடை பற்றி. 2024 ஜூலை 3-ஆம் தேதி நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் இருவரும் ஒரு தீர்ப்புக் கொடுத்தார்கள். இன்டர்நெட்டில் பிளம்பர், ஏசி மெக்கானிக் தேடுவது போல வக்கீலையும் தேடித்தரும் கம்பெனிகள் இருக்கின்றன அல்லவா, குவிக்கர், சுலேகா, ஜஸ்ட் டயல் என்று. அங்கே வக்கீல்களுக்கு 'பிளாட்டினம்', 'பிரீமியம்' என்று பட்டம் கொடுத்து வரிசைப்படுத்தி, ஸ்டார் போட்டிருந்தார்கள். இதை நீதிபதிகள் கண்டித்தார்கள். இப்படி விளம்பரம் செய்துகொள்ளும் வக்கீல்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி மாநிலப் பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னார்கள். அந்த விளம்பரங்களை எடுக்கவும் உத்தரவு. இந்திய பார் கவுன்சிலும் அந்த மாதமே மாநிலங்களுக்கு எழுதியது. 2025 மார்ச்சில் சினிமா நடிகர்களை வைத்து வக்கீல்கள் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்வதைக் கண்டித்து மறுபடி ஒரு அறிக்கை விட்டது.

தீர்ப்பை நான் வரவேற்கிறேன். பிளாட்டினம் வக்கீல் என்றால் என்ன அர்த்தம்? கம்பெனிக்குக் கூடப் பணம் கட்டியவர் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மக்கள் ஏன் அங்கே போய்த் தேடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தகவல் கிடைக்கிற இடம் வேறு இல்லை. நிஜத் தகவலை நாம் கொடுக்காத இடத்தில் பிளாட்டினம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுத்தமாக வாயை மூடு என்று சொல்வதும், எதை வேண்டுமானாலும் பேசு என்று சொல்வதும் கட்சிக்காரனுக்கு ஒரே பலனைத்தான் தருகின்றன. அமெரிக்காவில் 1977-இல், அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வக்கீல்கள் ஃபீஸ் விவரத்தோடு பேப்பரில் விளம்பரம் கொடுத்த வழக்கில், அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தடையைத் தளர்த்தியது. இப்போது அங்கே நெடுஞ்சாலை முழுக்க வக்கீல் படம்தான் என்று அங்கிருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது நமக்கு வேண்டாம்.

பிரான்ஸ் இடையில் ஒரு வழி பிடித்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அவர்கள் விதியை அவர்கள் மொழியிலேயே படித்துப் பார்த்தேன். 2014-லிருந்து அங்கே வக்கீல் கடிதம் அல்லது ஈமெயில் மூலம் கட்சிக்காரரை அணுகலாம். போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பக் கூடாது. அணுகும்போதே ஃபீஸ் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'இன்ன துறை நிபுணர்' என்று போட்டுக்கொள்ள ஆசையா? நாலு வருஷம் தொழில் செய்து, தேர்வுக் குழுவின் முன் உட்கார்ந்து, சர்டிபிகேட் வாங்க வேண்டும். அதுவும் இரண்டு துறைகளுக்கு மேல் கிடையாது. நம் விதி நிபுணர் என்று சொல்லாதே என்கிறது. அவர்கள் விதி நிரூபித்துவிட்டுச் சொல் என்கிறது. என் சின்ன வயதில் புதுச்சேரியில் வக்கீல் வீட்டு வாசலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். பெயரும், 'அவொக்கா' என்ற சொல்லும், அவ்வளவுதான். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அந்தத் தகடு போதும். இன்று நம் ஊருக்கு அது போதாது.

வக்கீல் நண்பர்கள் சொல்லும் ஒரு வாதத்தை மதிக்கிறேன். பட்டமும் வருஷமும் போர்டில் வந்தால் புதிதாக வந்த பையனிடம் யாரும் போக மாட்டார்கள் என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் சின்ன வாடகை வழக்குக்கும் செக் கேஸுக்கும் குறைந்த ஃபீஸில் ஓடியாடி வேலை செய்யும் பையன்தான் வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2009-10 கல்வியாண்டிலிருந்து படித்து முடித்தவர்கள் அகில இந்திய பார் தேர்வையும் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும். அந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பாஸ் செய்த பையன் அதைப் போர்டில் போட்டுக்கொண்டால் அவனுக்கும் பெருமைதானே. சீனியர்களில் பலர் அந்தத் தேர்வை எழுதியதே இல்லை!

ஆகவே நம் ஊர் வக்கீல்கள் சங்கத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பார் கவுன்சில் விதியை மாற்றும்வரை காத்திராமல் அவர்களாகவே செய்யக் கூடியவை மூன்று. ஒவ்வொருவர் போர்டிலும் பெயருக்குக் கீழே படித்த பட்டம், பதிவு எண், வருஷம், மாநிலம் இருக்கட்டும். பணம் வாங்கினால் அதே விவரம் உள்ள ரசீது கொடுக்கட்டும். கோர்ட் வாசல் நோட்டீஸ் போர்டில் இங்கே தொழில் செய்யும் வக்கீல்கள் எல்லோருடைய பெயரும் எண்ணும் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்டப்படட்டும். தெலுங்கு எதற்கு என்று கேட்காதீர்கள், பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

மனு இரண்டு பக்கம். எங்கள் வீட்டுத் திண்ணையில் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு கையெழுத்து, அதில் இரண்டு பேர் வக்கீல்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் கையெழுத்துப் போடலாம். கண்ணாடியைக் கொண்டு வாருங்கள், எழுத்து கொஞ்சம் பொடி.